மறு: குழந்தைத் திருமுழுக்கில் (ஞானஸ்நானத்தில்) ‘ஸ்பான்சர்’ – தமிழில் என்ன?

> ‘ஞானப்பெற்றோர்’ வீட்டுக்கு வீடு புழங்குகிற சொல். அதை விட்டுவிட்டுப் புதுச்சொல் எதற்கு?

ஐயா, இன்றைய சடங்கைப் பற்றிய பேச்சென்றால் எனக்கும் மறுப்பில்லை. கிறிஸ்துமஸ் தவறாமல் சட்டைத்துணி எடுத்துத் தந்த என் ஞானத்தகப்பனை வேறு பெயரில் அழைக்க எனக்கே வாய் வராது. ஆனால் நான் மொழிபெயர்க்கும் கட்டுரை ஆதித் திருச்சபையைப் பற்றியது. அங்கே ‘ஸ்பான்சர்’ என்பவர் திருமுழுக்கின்போது குழந்தைக்காகப் பதில் சொல்லி வாக்குக் கொடுப்பவர். அங்கே ‘ஞானப்பெற்றோர்’ என்று போட்டால் வாசகர் மனத்தில் வேறு ஆள் வந்து நிற்பார்.

மூன்றாம் நூற்றாண்டு ரோமாபுரிக் கிறிஸ்தவர் இப்போலித்துவின் பெயரில் வழங்கும் ‘அப்போஸ்தலிக்க மரபு’ என்ற சடங்குமுறை நூலைப் பாருங்கள். முதலில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு கொடுக்கச் சொல்கிறது. பேசத் தெரிந்தவர்கள் தாங்களே பதில் சொல்லலாம். தெரியாதவர்களுக்காகப் பெற்றோரோ குடும்பத்தில் ஒருவரோ சொல்ல வேண்டும். ஆக, பெற்ற தகப்பனே அந்த இடத்தில் நிற்கிறார். அவரைப் போய் ‘ஞானத்தகப்பன்’ என்றால் குழப்பம்தானே? பெற்றவர்கள் தம் பிள்ளைக்கே ஞானப்பெற்றோர் ஆகக்கூடாது என்று ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கூடிய ஆயர்கள் சங்கம் தடை போட்டது 813-இல். அதற்குள் அறுநூறு ஆண்டு ஓடிவிட்டது.

வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன், போனிபாஸ் என்ற இன்னோர் ஆயரின் கேள்விக்குப் பதிலாக எழுதிய கடிதம் இன்னும் சுவையானது. அடிமைகளின் குழந்தைகளை எசமானர்கள் கொண்டுவருகிறார்கள். தெருவில் போட்டுவிட்டுப் போன குழந்தைகளைக் கன்னியர், அதாவது மணம் துறந்து வாழும் பெண்கள், எடுத்து வருகிறார்கள். அவர்களுக்குப் பிள்ளையும் இல்லை, பெறும் எண்ணமும் இல்லை என்று அகுஸ்தீனே சொல்கிறார். ‘பெற்றோர்’ என்ற பகுதியே இங்கே பொருந்தாமல் போகிறது.

சரி, அப்படியானால் குழந்தைக்காக நிற்கும் அந்த ஆள் யார்? விடை ‘ஸ்பான்சர்’ பிறந்த லத்தீன் சொல்லிலேயே இருக்கிறது. ஏறத்தாழ 200-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதிய ‘திருமுழுக்கு பற்றி’ என்ற நூலில் ‘ஸ்பொன்சோர்’ வருகிறது. குழந்தைகளுக்குத் திருமுழுக்கு கொடுக்க அவசரம் வேண்டாம் என்பது அவர் கட்சி. அதற்கு அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று இந்த ஸ்பொன்சோர்களின் நிலைமை: கொடுத்த வாக்கை நிறைவேற்றுவதற்குள் அவர்கள் செத்துப்போகலாம், இல்லையேல் பிள்ளை கெட்டு வளர்ந்து அவர்களை ஏமாற்றிவிடலாம். அந்த ஆளை ஏன் சிக்கலில் மாட்டிவிடுகிறீர்கள் என்று கேட்கிறார். ஜாமீன் கையெழுத்துப் போடாதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது காதில் விழவில்லையா?

ரோமச் சட்டத்தில் ஸ்பொன்சோர் அதேதான். கடன் கொடுப்பவர் கடனாளியிடம் “நூறு தர வாக்களிக்கிறாயா?” என்று கேட்பார், “வாக்களிக்கிறேன்” என்பார் அவர். பக்கத்தில் நிற்பவரிடம் “அதையே தர நீயும் வாக்களிக்கிறாயா?” என்பார். அவரும் அதே ஒற்றைச் சொல்லைச் சொன்னால் மாட்டிக்கொண்டார். எழுத்து வேண்டாம், சாட்சி வேண்டாம், வாய்ச்சொல் போதும். திருமுழுக்குத் தொட்டியருகே நடந்ததும் இதேபோல் கேள்வி பதில்தான். தெர்த்துல்லியன் காதில் அந்தச் சட்டச்சொல் ஒலித்துக்கொண்டே இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

எனவே என் முன்மொழிவு: பிணையாளர்.

---

> பிணையாளர் என்றால் கோர்ட் வாசலும் வக்கீல் குமாஸ்தாவும் கண்முன் வருகிறார்கள். குழந்தையை ஜாமீனில் எடுத்த மாதிரி இருக்கிறது. பிணைக்கைதி வேறு நினைவுக்கு வருகிறது. ‘பதிலுரைப்போர்’ போதாதா?

அக்கா சொல்வதில் பாதி சரி. போனிபாஸ் அகுஸ்தீனிடம் கேட்ட சந்தேகமே பதில் சொல்வதைப் பற்றியதுதான். இந்தக் குழந்தை வளர்ந்து ஒழுக்கமாக இருப்பானா, திருடன் ஆவானா என்று கேட்டால், தெரியாது என்போம். இப்போது அவன் மனத்தில் ஏதாவது எண்ணம் ஓடுகிறதா என்றாலும் தெரியாது என்போம். ஆனால் “கடவுளை விசுவசிக்கிறானா?” என்று கேட்டால் மட்டும் “விசுவசிக்கிறான்” என்று எப்படிச் சட்டென்று சொல்கிறோம்? நேர்மையான கேள்வி. விசுவாசத்தின் அருளடையாளத்தை (சாக்ரமெந்து), அதாவது திருமுழுக்கைப் பெறுவதால் குழந்தை விசுவாசி எனப்படுகிறது என்பது அகுஸ்தீனின் பதில். எனக்குக் கேள்வியில் இருக்கும் வலு பதிலில் தெரியவில்லை. அது கிடக்கட்டும்.

‘பதிலுரைப்போர்’ இந்தக் காட்சிக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கிறது. ஆனால் தெர்த்துல்லியனின் பயம் அதில் இல்லை. பதில் சொன்னவர் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஸ்பொன்சோர் போக முடியாது.

இரண்டையும் சேர்த்து ‘வாக்குப்பிணையர்’ என்று வைத்துக்கொள்வோமா? வாக்கு என்பதில் பேச்சும் உண்டு, உறுதிமொழியும் உண்டு. கோர்ட் வாடையும் கொஞ்சம் குறையும். தேர்தல் வாடை ஏறும் என்று யாராவது கிளம்புவீர்கள், தெரியும். வினையாக்க வேண்டுமானால் ‘வாக்குப்பிணை நின்றார்’. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “அநாதைக் குழந்தைக்குக் கன்னியர் ஒருவர் வாக்குப்பிணை நின்றார்.” எனக்கு உறுத்தவில்லை. ஞானப்பெற்றோர் என்பதைப் பிற்காலச் சடங்குக்கே விட்டுவிடலாம்.

அப்புறம், அடுத்த சொல்லையும் இப்போதே போட்டுவிடுகிறேன்: ‘க்ளினிக்கி’, ‘படுக்கைக்காரர்’ என்பது போல. நோய்ப்படுக்கையில் கிடந்தபடி திருமுழுக்கு பெற்றுப் பிழைத்தவர்களுக்குச் சிலர் வைத்த பெயர். அவர்களைக் கிறிஸ்தவர்கள் என்று அழைக்காமல் இப்படி அழைக்கிறார்களே என்று கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் ஒரு கடிதத்தில் கடிந்துகொள்கிறார். சொல்லில் அந்தக் கிண்டலும் வேண்டும். ‘கட்டில்முழுக்கர்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். திட்டுகிறவர்கள் திட்டலாம்.