உணவுக்குழாய்க் கசிவுக்கு உள்ளே வைத்த பஞ்சு: எங்கள் அனுபவங்கள்

நோயாளியின் மகள்:

அப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். கட்டி இருந்த பகுதியை வெட்டி எடுத்து, இரைப்பையைக் குழாய்போல் தைத்து மார்புக்குள் ஏற்றி, மிச்சமிருந்த உணவுக்குழாயோடு இணைத்திருந்தார்கள். ஐந்து நாள் குறையில்லாமல் போனது. ஆறாம் நாள் விடியற்காலையில் நாடித்துடிப்பு 120ஐத் தாண்டியது. காய்ச்சல், மூச்சிரைப்பு. மார்பில் போட்டிருந்த குழாயில் அதுவரை இளஞ்சிவப்பாக வந்த நீர், கலங்கிப் பழுப்பாக வந்தது. ஸ்கேன் எடுத்ததில் தையல் விட்டிருந்தது; அதை ஒட்டிச் சீழ் தேங்கிய ஒரு குழி.

மறுபடி மார்பைத் திறந்தால் தாங்கும் நிலையில் அப்பா இல்லை. உறை போட்ட ஸ்டென்ட் (உள்ளே விரியும் வலைக்குழாய்) வைத்தால் ஓட்டை மறையும், ஆனால் குழிக்குள் இருக்கும் சீழ் அங்கேயே தங்கிவிடும், ஸ்டென்ட் நழுவவும் கூடும் என்றார் மருத்துவர். அதனால் வெற்றிட சிகிச்சை. மூக்கு வழியாகப் போகும் குழாயின் நுனியில் நுண்துளைகள் நிறைந்த பஞ்சை (ஸ்பாஞ்ச்) கட்டி, எண்டோஸ்கோப்பி என்னும் உள்நோக்கும் கேமராக் குழாயின் உதவியோடு அந்தக் குழிக்குள்ளேயே வைத்தார்கள். வெளியே இருக்கும் பம்பு இரவும் பகலும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கருவியில் உறிஞ்சும் அழுத்தம் மைனஸ் 125 மி.மீ. பாதரசம் என்று எண் நிற்கும். சீழும் எச்சிலும் புட்டிக்கு வந்துவிடும். குழியின் சுவர்கள் பஞ்சை நோக்கி இழுபட்டுச் சுருங்கும். ரத்த ஓட்டம் கூடிப் புதுச் சதை வளரும்.

மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பஞ்சை மாற்ற வேண்டும். இதை எங்களுக்கு யாரும் முன்கூட்டி அழுத்திச் சொல்லவில்லை. இரண்டாம் முறை அப்பாவை அழைத்துப்போனபோது, முதலில் வைத்தது பலிக்கவில்லை என்றே நினைத்தேன். மூன்றாம் முறை அம்மா வராந்தாவிலேயே அழுதுவிட்டார். அன்றுதான் மருத்துவர் எங்களைத் திரைக்கு முன் உட்காரவைத்து, ஒவ்வொரு முறையும் எடுத்த படங்களை வரிசையாகக் காட்டினார். முதல் படத்தில் குழி முழுவதும் சாம்பல் நிறப் படலம். மூன்றாவதில் அதே இடம் சிவந்து, பொடிமணிகளாகப் புதுச் சதை. “குழி அடியிலிருந்து தூர்ந்து வரவேண்டும். வாய் மட்டும் மூடிக்கொண்டால் உள்ளே சீழ் கட்டும்” என்றார். பஞ்சை மாற்றுவதுதான் சிகிச்சை என்று அம்மாவுக்கு அந்தப் படங்களைப் பார்த்த பிறகே புரிந்தது. அன்று இரவுதான் அவர் தூங்கினார்.

அப்பாவுக்கு வலியைவிடத் தாகமே பெரிய வேதனை. வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. ஊட்டம் எல்லாம் சிறுகுடலுக்குள் போட்ட தனிக் குழாயில். நனைத்த துணியால் உதட்டைத் துடைக்கும்போது நாக்கை நீட்டித் துணியைத் தேடுவார். முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மொத்தம் ஏழு பஞ்சு, 25 நாள். கடைசியில் எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தை விழுங்கவைத்துப் பார்த்தார்கள், எங்கும் ஒழுகவில்லை. மூன்று மாதம் கழித்து ஆறிய இடம் சுருங்கி உணவு சிக்கியது. பலூன் வைத்து இரண்டு முறை விரித்தார்கள். இப்போது மெதுவாக, ஆனால் எல்லாம் சாப்பிடுகிறார்.

எண்டோஸ்கோப்பி பிரிவில் பணியாற்றும் நர்ஸ்:

சகோதரி எழுதியதைப் படித்ததும் எங்கள் பக்கத்தையும் சொல்லத் தோன்றியது. பஞ்சை ஐந்து நாளுக்கு மேல் விடுவதற்கு நாங்கள் அஞ்சுவோம். புதுச் சதை அதன் துளைகளுக்குள் புகுந்து வளர்ந்துவிடும். எடுக்கும்போது பிய்ந்து ரத்தம் வரும். அதனால் முதலில் உறிஞ்சுவதை நிறுத்தி, குழாய் வழியாக உப்புநீர் விட்டு ஊறவைத்து, பிறகே மெல்ல விடுவிப்போம். ஒவ்வொரு முறையும் குழியை அளந்து, புதுப் பஞ்சைக் கத்தரிக்கோலால் அதைவிடச் சற்றுச் சிறிதாக நறுக்குவோம். முதல் நாள் கட்டைவிரல் அளவுக்கு வெட்டியது, மூன்றாம் வாரம் சுண்டுவிரல் நுனிக்கு வந்துவிடும். அந்தத் துண்டைக் கையில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு வரும் நிம்மதியைச் சொல்லி முடியாது.

“இது சோதனை முயற்சியா?” என்று குடும்பத்தினர் கேட்பார்கள். இல்லை. உடம்பின் மேற்புறப் புண்களுக்கு இந்த முறை 1990களிலேயே வந்துவிட்டது. பிறகு ஜெர்மனியில் மலக்குடல் அறுவைக்குப் பின் வரும் கசிவுகளுக்கு உள்ளே வைத்தார்கள். அங்கிருந்து உணவுக்குழாய்க்கும் வந்தது. ஆயத்தப் பஞ்சு கிடைக்காத இடங்களில், மூக்குக் குழாயின் நுனியில் காஸ் துணியைச் சுற்றி, மேலே துளையிட்ட ஒட்டுப்படலம் போர்த்தியும் செய்கிறார்கள்.

பம்பு நின்றுபோனால் உள்ளே இருப்பது வெறும் அடைப்பு. அதன் பின்னால் சீழ் தேங்கும். அலாரம் அடித்தால் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், உடனே எங்களைக் கூப்பிடுங்கள். புட்டியில் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். பக்கத்திலேயே பெரிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன.

குழாயோடு இருந்தவன் எழுதுகிறேன்:

எனக்கு அறுவை எதுவும் நடக்கவில்லை. கடுமையாக வாந்தி எடுத்தேன். அந்த வேகத்தில் உணவுக்குழாய் கிழிந்துவிட்டது. இப்படி ஒரு கிழிசலை 1724இலேயே போர்ஹாவே என்ற டச்சு மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார். மாரடைப்பு என்று நினைத்துப் பல மணி நேரம் போனது. ஒரு இளம் மருத்துவர் என் கழுத்தை விரலால் அழுத்தினார். தோலுக்கடியில் நொறுநொறுவென்றது, எனக்கே கேட்டது. காற்று அங்கே புகுந்திருக்கிறது என்றார். அதன் பிறகுதான் எல்லாம் வேகமாக நடந்தது. மார்பைக் கழுவினார்கள், பஞ்சு வைத்தார்கள்.

குழாய் மூக்கோரத்தை அறுத்துப் புண்ணாக்கும். ஒட்டும் பட்டையை இடம் மாற்றி ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். நான் கூச்சப்பட்டுக் கேட்காமல் ஒரு வாரம் அவதிப்பட்டேன்.

தங்கைக்குப் பார்த்தவர்:

உடல் எடை குறைக்க இரைப்பையைச் சுருக்கும் அறுவை செய்த இடத்தில் கசிவு. நான்கு முறை மாற்றியும் குழி சிறுக்கவே இல்லை. பிறகுதான் கசிவுக்குக் கீழே இரைப்பை குறுகி மடங்கியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கீழே வழி அடைபட்டால் அழுத்தம் மேலே ஓட்டை வழியாகத்தானே போகும்? அதை விரித்த பிறகே மூடியது. இரண்டு மாற்றத்துக்குப் பிறகும் அளவு குறையவில்லை என்றால் காரணத்தைக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

புதிதாக வந்தவர்:

அம்மாவுக்கு நேற்று முதல் பஞ்சு வைத்திருக்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

நோயாளியின் மகள்:

வைத்த தேதியையும் நேரத்தையும் பெரிதாக எழுதி, நர்ஸிடம் சொல்லிப் படுக்கைத் தலைமாட்டில் ஒட்டுங்கள். அடுத்த மாற்றம் எந்த நாள் என்பதும் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். அம்மாவும் பார்க்கட்டும்.