மலைக்குளிர் இருக்க ஃபிரிட்ஜ் எதற்கு?

கோத்தகிரிக்காரர்:
என் தமையனாருக்குச் சர்க்கரைக்காக மருத்துவர் செமாகுளுடைட் ஊசிப் பேனா எழுதித் தந்திருக்கிறார். மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவிட்டோம். அதை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும் என்று மருந்துக் கடையில் நான்கு முறை சொல்லி அனுப்பினார்கள். சமவெளிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதை நம்மிடம் ஏன் சொல்கிறார்கள்? நம் சமையலறை அலமாரியின் குளிரே போதும்.

தலைக்குந்தா வாசகி:
ஐயா, இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. திறக்காத பேனாவை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஏப்ரல் பிற்பகலில் உங்கள் அலமாரி 8 டிகிரியிலா இருக்கிறது? சனவரியில் ஊட்டியை அடுத்த எங்கள் தலைக்குந்தாப் பக்கம் நடப்பது இதற்கு நேர் எதிர். என் தாயாரின் இன்சுலின் பேனாவைத் தகரப் பெட்டியில் போட்டு வெளித்திண்ணையில் வைத்திருந்தோம். ஒரு நாள் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. பெட்டியின் அருகிலிருந்த கிண்ணத்துத் தண்ணீர் கல்லாகியிருந்தது. வெயில் ஏறியதும் மருந்து பழையபடி தெளிவாகத் தெரிந்ததால் அதையே போட்டோம். அந்த வாரம் முழுவதும் சர்க்கரை இறங்கவே இல்லை. ஒருமுறை உறைந்த மருந்து பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதைப் போடக் கூடாது என்பதை அதன் பிறகே அறிந்தோம்.

கோத்தகிரிக்காரர்:
கோத்தகிரியில் தண்ணீர் உறைவதில்லை, அம்மா. தலைக்குந்தாப் பனியை எங்கள் அலமாரிக்குள் கொண்டுவராதீர்கள். என் தந்தையார் மண்பானைக்குள் இன்சுலின் வைத்துப் பல ஆண்டுகள் நலமாக இருந்தார்.

குன்னூர் ஆசிரியர்:
இருவரும் எந்தப் பேனாவைச் சொல்கிறீர்கள்? செமாகுளுடைட் பேனாவைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு 30 டிகிரிக்கு மிகாமல் 56 நாட்கள் வரை வெளியே வைக்கலாம் என்று ஓசெம்பிக் என்ற பெயரில் விற்கும் செமாகுளுடைட் பேனாவின் குறிப்பிலேயே இருக்கிறது. டிர்செபடைட் என்ற வேறொரு மருந்தான மௌஞ்சாரோவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. திறந்ததா, திறக்காததா என்று முதலில் சொல்லுங்கள்.

கோத்தகிரிக்காரர்:
பார்த்தீர்களா, ஆசிரியரே வெளியே வைக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

தலைக்குந்தா வாசகி:
அவர் சொன்னது திறந்த பேனாவை. உங்கள் தமையனார் மூன்று மாதத்துக்கு வாங்கி அடுக்கியிருப்பது திறக்காத பேனாக்களை. சென்ற மாதம் இரத்த அழுத்த மாத்திரையைப் பற்றிப் பேசியபோதும் நீங்கள் இப்படித்தான் பாதியைப் படித்துவிட்டு வாதாடினீர்கள்.

கொடைக்கானல்வாசி:
இந்த ஊசியே தேவையா என்பதுதான் என் கேள்வி. நம் முன்னோர் மலையேறி இறங்கியே உடம்பைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். இதே மருந்தை எடையைக் குறைப்பதற்காகப் போடுகிறவர்கள் ஊசியை நிறுத்தியதும் பழைய உடம்புக்கே திரும்புகிறார்கள்.

தலைக்குந்தா வாசகி:
68 வார ஆய்வில் செமாகுளுடைட் போட்டவர்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 15 விழுக்காடு எடை குறைந்தது. நிறுத்திய ஓராண்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தினாலும் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அதற்காக அந்த மாத்திரையே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. பசியையும் வயிறு காலியாகும் வேகத்தையும் தணிக்கிற மருந்து இது. போடுகிறவர்களைச் சோம்பேறிகளைப் போலப் பேசாதீர்கள். என் தாயார் தேயிலைக் கூடை சுமந்தே வாழ்ந்தவர், அவருக்கும் சர்க்கரை வந்தது.

கொடைக்கானல்வாசி:
நான் யாரையும் சோம்பேறி என்று எழுதவில்லை. நீலகிரிக்காரர்களுக்குப் பழனி மலையிலிருந்து யார் பேசினாலும் பொறுப்பதில்லை.

குன்னூர் ஆசிரியர்:
திறந்ததா, திறக்காததா என்று கேட்டேன்.

கோத்தகிரிக்காரர்:
மேட்டுப்பாளையத்து வெயிலில் கிடந்தால் மருந்து கெடும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கோத்தகிரி அலமாரியில் கெடாது.

தலைக்குந்தா வாசகி:
அப்படியானால் அந்த அலமாரியில் ஒரு வெப்பமானியை வையுங்கள். காலை ஆறு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் அது காட்டுவதை ஒரு வாரம் இங்கே எழுதுங்கள். ஒரு நாளாவது இரண்டு வேளையும் 2 முதல் 8-க்குள் நின்றால் பிறகு பேசலாம்.

கோத்தகிரிக்காரர்:
என் வீட்டுக் குளிரை நான் அறிவேன். அதற்குக் கருவி தேவையில்லை.