பொருள்: நாவல் தொலைக்காட்சித் தொடரான பின் நாவலாசிரியரை என்னவென்று சொல்வது?

குழுவினர்க்கு வணக்கம்.

சிற்றிதழ் ஒன்றுக்காக ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் நாவல்களை வைத்து எடுத்த ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடருக்கு அவர் யார் என்று ஒரே சொல்லில் சொல்ல வேண்டிய இடத்தில் மூன்று நாளாக வண்டி நிற்கிறது.

தொடரின் பெயர்ப் பட்டியலில் அவருக்குக் கொடுத்திருப்பது ‘கோ எக்ஸிக்யூட்டிவ் புரொட்யூசர்’. போன வருடம் வேறொரு கட்டுரையில் இதை ‘இணை நிர்வாகத் தயாரிப்பாளர்’ என்று எழுதினேன். இதழ் வந்த வாரமே ஒரு வாசகர் போன் செய்தார். கரூர்க்காரர், ஃபைனான்ஸ் நடத்துகிறார். “ஏம்மா, அந்தத் தாடிக்காரர் சொந்தப் பணம் போட்டாரா, வட்டிக்கு வாங்கிப் போட்டாரா?” என்றார். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர்மேல் தப்பில்லை. நம் ஊரில் தயாரிப்பாளர் என்றால் பணம் போட்டவர், படம் ஓடாவிட்டால் வீட்டை விற்பவர். இந்தத் தொடருக்குப் பணம் போட்டது ஹெச்.பி.ஓ. தொலைக்காட்சி; மார்ட்டின் வாங்கியவர்.

அவர் செய்தது என்ன என்று பார்த்தால் இன்னும் குழப்பம். இந்த வரிசையின் முதல் நாவல் 1996இல் வந்தது. 2006இல் டேவிட் பெனியாஃப், டி. பி. வைஸ் இருவரும் அதைத் தொடராக்க வேண்டும் என்று அவரோடு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். நாவல் சொல்லாமல் வைத்திருந்த புதிர் ஒன்றை, “ஜான் ஸ்னோவின் தாய் யார்?” என்று அவர் கேட்டாராம். பெண் கொடுக்கிற வீட்டில் மாப்பிள்ளையைச் சோதிப்பார்களே, அந்த மாதிரி. அவர்கள் ஊகித்துச் சொன்னது சரியாக இருந்தது. 2011 ஏப்ரலில் தொடர் தொடங்கியது. முதல் நான்கு சீசனில் சீசனுக்கு ஒரு எபிசோடை அவரே எழுதினார். பிறகு புத்தகத்தை முடிக்க வேண்டும் என்று அதையும் விட்டார். முதலில் எடுத்த பைலட்டில், அதாவது மாதிரி எபிசோடில், ஒரு கல்யாணக் காட்சியில் விருந்தாளியாக நடித்துமிருக்கிறார். பைலட்டின் பெரும்பகுதியை மறுபடி எடுத்தபோது அவர் முகமும் போய்விட்டது.

‘கதாசிரியர்’ என்றால் கதையைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவர் போல் இருக்கிறது. ‘ஆலோசகர்’ என்றால் கேட்டால் மட்டும் பேசுபவர். ஒரு நல்ல சொல் தாருங்கள்.

அன்புடன்,
பா.

-----

அக்கா, வணக்கம்.

நான் சென்னையில் சீரியலுக்கு வசனம் எழுதிப் பிழைப்பவன். உங்கள் கரூர் வாசகருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘புரொட்யூசர்’ என்பது பாதி நேரம் எழுத்தாளருக்குக் கொடுக்கும் பதவி உயர்வு. ஸ்டாஃப் ரைட்டராகச் சேர்ந்தால் ஸ்டோரி எடிட்டர், கோ புரொட்யூசர், புரொட்யூசர், சூப்பர்வைசிங் புரொட்யூசர், கோ எக்ஸிக்யூட்டிவ் என்று படிப்படியாக ஏறலாம். கல்லூரியில் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர் என்று போகிறதே, அதே கணக்குதான். மார்ட்டினே எண்பதுகளில் இந்த ஏணியில் ஏறியவர். ‘ட்விலைட் ஸோன்’ தொடரின் மறுவருகைக்கு எழுதினார், பிறகு ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ தொடரில் தயாரிப்பாளர் படி வரை போனார். அதனால் அந்தப் பட்டம் அவருக்குப் புதிதில்லை. ஆனால் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எழுத்தறையில் தினமும் உட்கார்ந்து வாங்கிய பட்டமும் இல்லை, நாவலுக்காகக் கொடுத்த நாற்காலி.

எங்கள் டைட்டில் கார்டில் வேலைக்கு ஒரு பெயர்தான்: கதை, திரைக்கதை, வசனம், இயக்கம். நாவலிலிருந்து எடுத்தால் ‘மூலக்கதை’ என்று ஒரு கார்டு. அதையே போடுங்கள், முடிந்தது.

தொடரைத் தலைமையேற்று நடத்தும் ஷோ ரன்னருக்கும் சேர்த்து இங்கேயே ஒரு வழி பண்ணிவிடலாம். போன முறை ‘தொடர் நடத்துநர்’ என்று யாரோ முன்மொழிந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து பெனியாஃபும் வைஸும் தோல்பையும் விசிலுமாக ஃபுட்போர்டில் நின்று “டிராகன் இறங்குறவங்க முன்னால வாங்க” என்று கத்துவது போலவே தெரிகிறது.

கு.

-----

எல்லோருக்கும் வணக்கம்.

> எங்கள் கார்டில் ‘மூலக்கதை’

மூலக்கதை கதையைச் சொல்கிறது, ஆளைச் சொல்லவில்லையே. ஆளுக்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது: மூலவர்.

கும்பகோணத்துக்காரன், எனக்குச் சட்டென்று இதுதான் தோன்றும். மூலவர் கருவறையை விட்டு அசைய மாட்டார். கல். திருவிழாவுக்கு வீதியுலா போவது உற்சவர். பட்டு, நகை, வாகனம், நாதஸ்வரம் எல்லாம் அவருக்குத்தான். ஊர் ஜனம் பார்ப்பதும் உற்சவரைத்தான். இரண்டும் ஒரே சாமி என்பார்கள். முகம் பார்த்தால் ஒன்றாக இருக்காது. நாவல் மூலவர், தொடர் உற்சவர். ஷோ ரன்னர் சீபாதந்தாங்கி. தோளில் தழும்பு அவருக்கு, அர்ச்சனை சாமிக்கு.

வெ.

-----

அன்புள்ள பா. அம்மாவுக்கும் தம்பிகளுக்கும்.

வெ. தம்பியின் உவமையை மிகவும் ரசித்தேன். கலைச்சொல்லாக ஏற்க மாட்டேன். உவமை இனித்தால் சொல் வழுக்கும். தவிர, ‘மூலம்’ என்ற எழுத்தை மருத்துவமனைச் சுவர் விளம்பரத்தில் பார்த்துப் பழகிய நாட்டில் ‘மூல ஆசிரியர்’ என்று ஒருவரை அச்சிடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நாம் தேடுவது பதவியின் பெயரையா, உறவின் பெயரையா? இதை முதலில் தீர்க்க வேண்டும். பா. அம்மா கேட்டது பதவியை. நான் உறவை என்கிறேன். பதவி ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். உர்சுலா லெ குவினின் ‘எர்த்ஸீ’ 2004 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் குறுந்தொடராக வந்தது. நாவலில் கதைநாயகன் கெட் செம்பழுப்புத் தோலன். அந்தத் தீவுகளின் மக்களில் பெரும்பாலோர் கறுத்தவர்கள், பழுப்பானவர்கள். தொடரில் வெள்ளை இளைஞரைப் போட்டார்கள். ஒப்பந்தப்படி அந்த அம்மாள் ‘கன்சல்ட்டன்ட்’. அந்தச் சொல்லுக்குத் தயாரிப்பாளர்கள் விரும்பும் பொருள்தான் பொருள், அநேகமாக ஒன்றுமே இல்லை என்று பின்னால் அவரே எழுதினார். இந்தப் பட்டத்தை ‘ஆலோசகர்’ என்று பெயர்த்தால் அவரிடம் யாரோ ஆலோசனை கேட்டது போல் ஆகிவிடும். பொய்யை இலக்கணப் பிழை இல்லாமல் மொழிபெயர்த்த கணக்கு.

மறுபக்கம் ரிக் ரியார்டன். ‘பெர்சி ஜாக்சன்’ கதைகளைத் தழுவி அவர் கைபடாமல் வந்த திரைப்படங்களால் நொந்தவர், 2023இல் அதையே தொடராக எடுத்தபோது இணை உருவாக்குநராக உள்ளே போய் உட்கார்ந்தார். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் 1973இலேயே இறந்துவிட்டார். அவர் உலகத்தை வைத்து 2022இல் தொடர் வருகிறது. இறந்தவருக்கு என்ன பதவி? ஆனால் மூவருக்கும் அந்தத் தொடரோடு இருக்கும் உறவு ஒன்றுதான்.

அந்த உறவுக்கு நன்னூலில் பெயர் உண்டு. “முதல்வழி சார்பென நூல்மூன் றாகும்.” முதல்நூல், வழிநூல், சார்புநூல். வழிநூலுக்கு நன்னூலார் பவணந்தியார் சொல்லும் இலக்கணத்தைப் பாருங்கள்:

“முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி
அழியா மரபினது வழிநூ லாகும்.”

‘பின்னோன் வேண்டும் விகற்பம்’ என்பதில் தழுவலுக்கான உரிமை முழுவதும் அடங்கிவிட்டது. நாவலாசிரியர் முதனூலார். தொடராக்குபவர் வழிநூலார். கம்பன் வான்மீகியை ‘முந்திய நாவினான்’ என்றான். அதைவிட அழகான சொல் கிடையாது, ஆனால் பெயர்ப் பட்டியலில் போட முடியாது.

‘முதல்நூலார்’ என்று பிரித்து எழுதுவோருக்கும் தடை சொல்ல மாட்டேன். எனக்குப் புணர்த்தி எழுதித்தான் பழக்கம்.

அ. ந.

-----

ஐயா, வணக்கம். முதனூலார் நன்றாக இருக்கிறது. ஆனால் வசனகர்த்தா புத்தி, ஓட்டையைத்தான் முதலில் பார்க்கும்.

> முடிபொருங் கொத்து

முன்னோன் முடித்திருந்தால்தானே பின்னோன் ஒத்துப்போக முடியும்? மார்ட்டினின் ஐந்தாம் நாவல் 2011 ஜூலையில் வந்தது. வழிநூலார் இருவரும் 2013இல் சாண்டா ஃபேக்கு அவர் ஊருக்கே போய் உட்கார்ந்து, எந்தப் பாத்திரம் எங்கே போய் முடியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தார்கள். 2016 பிறந்த இரண்டாம் நாள் மார்ட்டின் தன் வலைப்பதிவில், ஆறாம் நாவல் இன்னும் முடியவில்லை, தொடர் என்னை முந்தப்போகிறது என்று எழுதினார். 2019 மே மாதம் 73 எபிசோடோடு தொடர் முடிந்தபோதும் அந்த நாவல் வரவில்லை. வழிநூல் முதலில் முடிந்துவிட்டது, முதல்நூல் நடுவழியில். பவணந்தியார் இதற்கு என்ன சொல்கிறார்?

இன்னொன்று. முதல்நூலுக்கு நன்னூல் சொல்லும் இலக்கணத்தை நீங்கள் நைசாக விட்டுவிட்டீர்கள். தேடிப் படித்தேன். “வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது.” வினையின் நீங்கியவர்! வேலையிலிருந்து நழுவியவர் என்று பொருள் கொண்டால் மார்ட்டினுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

கு.

-----

கு. தம்பிக்கு,

அங்கே வினை என்றது இருவினை, முனைவன் என்றது இறைவனை. இது உமக்குத் தெரியும், தெரிந்தேதான் வம்பு செய்கிறீர். உரைகாரர்கள் மன்னிப்பார்களாக.

முடிபு என்பது நூல் நிலைநாட்டும் கொள்கை, கதையின் கடைசிப் பக்கம் இல்லை. முதல் என்பதும் காலத்தால் முந்தியது என்று மட்டும் பொருள்படாது. வேர், காரணம் என்றும் பொருள். தொடர் முந்தி முடிந்தாலும் கதைக்கு வேர் அவர்தான். இருந்தாலும் நீர் காட்டிய நிலைமைக்கு, வழி முதலை முந்தும் நிலைமைக்கு, நம் மரபில் நேரான பெயர் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்த இலக்கணக்காரரும் அப்படி ஒரு முதனூலாரை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அ. ந.

-----

குழுவினர்க்கு,

அ. ந. ஐயாவின் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். பதவியா, உறவா என்று அவர் பிரித்துக் காட்டியதும் கட்டுரையே திரும்பிவிட்டது. முன்கதையாகப் பிறகு வந்த ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ தொடருக்கு மார்ட்டின் இணை உருவாக்குநர். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ பட்டத்தைவிடப் பெரிய பட்டம். ஆனாலும் 2024 செப்டம்பரில், ஒரு குட்டி இளவரசனைத் தொடரிலிருந்து எடுத்துவிட்டார்கள், பின்னால் அதன் விளைவுகள் பெருகும் என்று தன் வலைப்பதிவில்தான் அவரால் புலம்ப முடிந்தது. அந்தப் பதிவும் சீக்கிரமே காணாமல் போனது. பட்டம் ஏறியது, முதனூலார் நின்ற இடம் மாறவில்லை.

இன்னும் இரண்டு விஷயம் சேர்த்திருக்கிறேன். ‘ட்விலைட் ஸோன்’ நாட்களில் ரோஜர் ஸெலாஸ்னியின் சிறுகதை ஒன்றை மார்ட்டின் திரைக்கதையாக்கினார். கதையில் குதிரைகளும் உண்டு, இங்கிலாந்தின் பழைய கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சும் உண்டு. இரண்டுக்கும் பணம் இல்லை, ஒன்றுதான் என்றார்கள். மார்ட்டின் தானாக முடிவெடுக்காமல் ஸெலாஸ்னிக்கே போன் போட்டுக் கேட்டார். ஸ்டோன்ஹெஞ்ச் இருக்கட்டும் என்றார் அவர். வீரர்கள் தரையில் நின்று சண்டை போட்டார்கள். அன்றைக்கு மார்ட்டின் வழிநூலார். எந்த ஒப்பந்தத்துக்காகவும் இல்லாமல் முதனூலாரைக் கேட்ட வழிநூலார்.

இரண்டாவது, 2012இல் அவரே எழுதிய ‘பிளாக்வாட்டர்’ எபிசோட். நாவலில் டிரியன் ஆற்றுக்குக் குறுக்கே மாபெரும் இரும்புச் சங்கிலி போட்டு எதிரிக் கப்பல்களை மடக்குவான். கொல்லர்கள் அதைச் செய்வதே நாவலில் எத்தனையோ பக்கம். எபிசோடில் சங்கிலியே கிடையாது, பச்சை நெருப்போடு ஒரு கப்பல் வருவதோடு சரி. பட்ஜெட்டுக்குக் கட்டுப்பட வேண்டாம் என்றுதான் தொலைக்காட்சியை விட்டு நாவலுக்குப் போனவர், சங்கிலி இல்லாத போரைத் தன் கையாலேயே எழுதினார். முதனூலாரும் வழிநூலாரும் ஒரே ஆளாக இருக்கும்போது யாருக்குப் போன் போடுவது?

நேற்று மெய்ப்பு வந்தது. முதனூலார் ஆறு இடத்தில் வருகிறது, ஐந்தில் ஒழுங்காக இருக்கிறது. ஆறாவதில் யாருடைய எழுத்துத் திருத்தியோ கை வைத்துவிட்டது. ‘சங்கிலி வேண்டாம் என்று முதலாளியே எழுதிவிட்டார்’ என்று நிற்கிறது.

திருத்தி அனுப்பிவிட்டேன். கரூர்க்காரர் இந்த இதழுக்கும் சந்தா கட்டியிருக்கிறார்.

அன்புடன்,
பா.