காயலான் கடைக்கு டிக்கெட் எடுத்துப் போன கதை

பழுது பார்க்காமல், பெயிண்ட் அடிக்காமல், கிடந்தபடியே கிடக்கும் பழைய அமெரிக்கக் கார்களைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் பங்குக்கு ஒன்று.

அட்லாண்டாவுக்கு வடமேற்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒயிட் என்ற சிற்றூர். அங்கேதான் ஓல்ட் கார் சிட்டி இருக்கிறது. 1931-ல் ஒரு குடும்பம் தொடங்கிய கடை, பிறகு பழைய கார்களின் உதிரிபாகம் விற்கும் இடமானது. நான் போனபோது 34 ஏக்கர் காட்டுக்குள் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள். பெரும்பாலும் 1972-ம் அதற்கு முந்தையதும். சும்மா சுற்றிப் பார்க்க ஒரு கட்டணம், படம் எடுப்பதென்றால் கூடுதல். "காயலான் கடைக்கு டிக்கெட்டா? அதுவும் கேமராவுக்குத் தனியா?" என்றாள் மனைவி. அவள் வரவில்லை.

நான் போனது மார்ச் கடைசியில். ஜார்ஜியாவில் இருப்பவர்களுக்குத் தெரியும், பைன் மகரந்தம் கொட்டும் நேரம் அது. எல்லா வண்டிகளின் மேலும் மஞ்சள் பொடி, அதன் மேல் நம் ஊர் சவுக்குத் தோப்பில் கிடக்குமே, அந்த மாதிரி ஊசிச் சருகு. ஒரு காரின் பம்பரைத் தூக்கிக்கொண்டு மரம் வளர்ந்திருக்கிறது. இன்னொன்றில் என்ஜின் இருந்த இடத்திலேயே மரம்.

நான் ரொம்ப நேரம் நின்றது ஒரு 1958 எட்செல் முன்னால். ஃபோர்டு கம்பெனி ஹென்றி ஃபோர்டின் மகன் பெயரை வைத்து, தடபுடலாக விளம்பரம் செய்து 1957-ல் இறக்கி, 1959 நவம்பரில் கையைக் கழுவிய கார். முகப்பு நடுவில் குதிரை லாடத்தை நிறுத்தி வைத்த மாதிரி ஒரு வளையம். ஸ்டியரிங்குக்கு நடுவே, ஹார்ன் இருக்க வேண்டிய இடத்தில், கியர் மாற்றும் பொத்தான்கள்! அவசரத்தில் ஹார்ன் என்று நினைத்து எத்தனை பேர் கியரை அமுக்கினார்களோ.

பானெட்டின் மேல் பெயிண்ட் தேய்ந்து, அடியில் பிரைமர் என்று முதலில் அடிக்கும் சிவப்புப் பூச்சு தெரிந்தது. அதை நன்றாக எடுக்கலாமே என்று கைக்குட்டையால் மகரந்தத்தைத் துடைத்தேன். பின்னால் ஒரு குரல். தொப்பி போட்ட பெரியவர், தோளில் கேமரா. "துடைக்காதீங்க தம்பி, அடுத்து வர்றவனுக்கு உங்க கைதான் தெரியும்" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னார். வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அப்படியேதான். அறுபது வருடத் துருவுக்கு நடுவே என் கைக்குட்டை போன வழி மட்டும் பளிச்சென்று.

போகிறவர்களுக்கு ஒன்று: மழை விட்ட கையோடு போங்கள். வெயிலில் குரோமியம் கண்ணைக் கூசும், நிழல் திட்டுத்திட்டாக விழும். நனைந்த துருவுக்கு வருகிற நிறத்தை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. பாம்பு இருக்கிறதோ இல்லையோ, பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

* * *

மேலே ஓல்ட் கார் சிட்டி பற்றி எழுதியவருக்கு: நான் பார்த்தது இதற்கு நேர்மாறு. பத்திரமாக வைக்கிறேன் என்று வைத்துக் கெட்டுப்போன கார்.

1957 ஜூன் 15-ல் ஓக்லஹோமாவின் டல்சா நகரத்தில், தங்க நிறமும் வெள்ளையும் சேர்ந்த புத்தம் புது பிளைமவுத் பெல்வெடியர் காரை கான்கிரீட் பெட்டகத்துக்குள் புதைத்தார்கள். ஐம்பது வருடம் கழித்து எடுப்பதாகத் திட்டம். 2007-ல் பெட்ரோலே இல்லாமல் போய்விடுமோ என்று பத்து காலன் பெட்ரோலும் உள்ளே வைத்தார்களாம். 2007-ல் திறந்தால் பெட்டகத்துக்குள் தண்ணீர். 2007-ல் டல்சாவின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று சரியாக ஊகிப்பவருக்குத்தான் கார் என்று, புதைத்தபோதே போட்டி வேறு வைத்திருந்தார்கள். ஜெயித்தவர் அதற்குள் காலமாகிவிட்டார்.

இப்போது அது இல்லினாய் மாநிலம் ராஸ்கோவில் ஒரு கார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிகாகோவிலிருந்து ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். துருவைக் கொஞ்சம் கரைத்து எடுத்துப் பார்த்தார்கள். அதற்கு மேல் எடுத்தால் வண்டியே மிஞ்சாது. பக்கத்தில் மற்ற கார்கள் எல்லாம் மினுமினுவென்று நின்றன. என் பையன் இதைத்தான் சுற்றிச் சுற்றி வந்தான். நாற்பது படம் எடுத்தேன். நல்லதாக வந்தது, பின்பக்கம் மீன் துடுப்பு மாதிரி எழும்பி நிற்கும் அந்த வால் துடுப்பு மட்டும்.

* * *

முதலில் ஒருவர் எழுதிய அந்த எட்செல் மகரந்தத்தைப் படித்ததும் எனக்கு நெப்ராஸ்கா மாநிலத்து ஞாபகம். 2013 செப்டம்பரில் பியர்ஸ் என்ற ஊரில், மூடிக் கிடந்த ஒரு பழைய செவர்லே விற்பனையகத்தின் வண்டிகளை ஏலம் விட்டார்கள். சுமார் 500 வண்டிகள், வயலில் வரிசையாக. பல கார்கள் விற்காமலே நின்றுபோனவை. கழுவவே இல்லை, பல வருடப் புழுதியோடு அப்படியே நிறுத்திவிட்டார்கள். 1958 செவர்லே கேமியோ என்ற பிக்கப் வண்டி (பின்னால் சரக்கு ஏற்றும் சின்ன லாரி) ஒன்று, ஓடியதே 1.3 மைல்தான். கூரையில் ஒடுக்கு வேறு. 1,40,000 டாலருக்குப் போனது! வாங்கியவர்கள் புழுதியைத் துடைப்பதா வேண்டாமா என்று பேசிக்கொண்டதைக் காதால் கேட்டேன்.

* * *

முதலில் எழுதியவன்தான். அந்தக் கேமியோவைப் புழுதியோடு எடுத்த படம் இருந்தால் போடுங்களேன். டிசம்பரில் இலை உதிர்ந்ததும் நான் மறுபடி ஒயிட் போகிறேன். எட்செல் இருக்கும் இடம் எனக்குத் தெரியும், யாராவது வருவதென்றால் சொல்லுங்கள்.