படகு எஞ்சின்: சாவி திருப்பினா 'டக்' சத்தம் மட்டும்

கேள்வி (காட்பாடி):
ஏரிப் படகோட 12 வோல்ட் அவுட்போர்டு (படகுக்குப் பின்னால மாட்டுற எஞ்சின்) பட்டறைக்கு வந்திருக்கு. சாவி திருப்பினா 'டக்'னு ஒரே சத்தம், ஸ்டார்ட்டர் சுத்தலை. பேட்டரி 12.6 காட்டுது. எங்கேருந்து பார்க்கிறது?

பதில் (ராணிப்பேட்டை):
அண்ணே, சும்மா இருக்கும்போது 12.6 காட்டினா போதாது. சாவி திருப்பின நிலையில அளங்க, 9.6க்குக் கீழே விழுந்தா முதல் சந்தேகம் பேட்டரிமேலதான். விழலைன்னா, மீட்டர் முனை ஒண்ணு பேட்டரி பிளஸ்ல, இன்னொண்ணு ஸ்டார்ட்டர் போல்ட்ல வச்சுத் திருப்புங்க. 0.5 வோல்ட்டைத் தாண்டினா கேபிள்லயோ சோலினாய்டுலயோ (ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடுற காந்த சுவிட்ச்) தடை. மைனஸ்லேருந்து எஞ்சின் பிளாக்குக்கும் அப்படியே. கேபிள் முனையில வெளியே ஸ்லீவ் (உறை) பளபளன்னு இருக்கும், உள்ளே லக் (போல்ட்ல மாட்டுற உலோக வளையம்) பச்சை பூத்திருக்கும். வெட்டிப் பார்த்தாத்தான் தெரியும்.

பதில் (ஆம்பூர்):
'டக்' சத்தம் சோலினாய்டுதான்னா நியூட்ரல் சுவிட்ச் (கியர்ல இருந்தா ஸ்டார்ட் ஆகவிடாத சுவிட்ச்) சரியா இருக்கு, அதைக் கழட்டாதீங்க. பெட்ரோல் ஆவி போனபிறகு கை வைங்க, மைனஸை முதல்ல எடுங்க.