1,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஒயில் குடிக்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார். என்னிடம் இருப்பது பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் கார். 1,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் எஞ்சின் ஒயில் போகிறது. இரவு முழுக்க அடியில் காட்போர்ட் மட்டை விரித்துப் பார்த்தேன், ஒரு சொட்டுக் கூட இல்லை. கொழும்பு காலி வீதி சிக்னலில் நின்று கிளம்பும்போதுதான் நீலப் புகை. பின்னால் நிற்கும் த்ரீவீல்காரர் ஹோர்ன் அடித்தே கொல்கிறார். கடுவலை தாண்டி நெடுஞ்சாலையில் மிதித்தால் புகையே இல்லை.

கராஜ் பாஸ் பார்த்தவுடனேயே எஞ்சினைக் கழற்றி பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றி இருந்து ஒயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையம்) மாற்ற வேண்டும் என்கிறார். ரிங் என்றால் மிதிக்கும்போதும் புகைக்க வேண்டுமே? எனக்கு வால்வு சீல் (வால்வுத் தண்டு வழியாக ஒயில் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) மேல்தான் சந்தேகம். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வை மாற்றியும் பலனில்லை.

கழற்றுமுன் கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தம் அளப்பது) செய்து, அப்புறம் ரிங்தான் பிழையா என்று அறிய சிலிண்டருக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு மறுபடி பார்க்கப் பொறுமை உள்ள பாஸ் கொழும்பில் யாரும் தெரியுமா? பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் புது சீல் கிடைக்குமா?