‘செட்’டுக்குத் தமிழ் தேடணுமா, ‘செட்’டே தமிழா?

நிரல்தம்பி:
பைத்தான் என்கிற கணினி நிரல்மொழியைத் தமிழில் சொல்லிக்கொடுக்க ஒரு பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். லிஸ்டுக்குப் பட்டியல் என்று போட்டாயிற்று, சிக்கல் இல்லை. பல மதிப்புகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கிற செட் வந்ததும் கை நின்றுவிட்டது. தொகுப்பு என்றால் கவிதைத் தொகுப்பு ஞாபகம் வருகிறது, குழு என்றால் ஆட்கள், கூட்டம் என்றால் இன்னும் நிறைய ஆட்கள். என் கட்சி இதுதான்: செட் என்றே எழுதுவோம். வயலில் பம்புசெட்டு, கல்யாண வீட்டில் மைக்செட்டு, தாத்தாவுக்குப் பல்செட்டு, ‘அவன் எங்க செட்டு’ என்றால் கூடப் படித்தவன். கடைசியில் ஒரு உகரம்கூடப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்ட சொல் இது. இதற்கு மேல் தமிழாக அது என்ன செய்ய வேண்டும்?

பாத்திரக்கடைக்காரன்:
தம்பி, 22 வருடமாகப் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன், அதனால் இதில் எனக்குப் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன். போன மாதம் ஒரு பெரியம்மா பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார். மேசையில் வைத்து ஒன்றுக்குள் ஒன்றாக இறக்கினார். முதல் இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன, அடுத்தது உள்ளே போனதும் லொடலொட என்று ஆடியது. ‘அடுக்குல மூணாவது இல்ல, பாத்தியா’ என்றார். அந்த அம்மா செட் என்று சொல்லவே இல்லை. அடுக்கு. ஒன்றுக்குள் ஒன்று போனால் அடுக்கு, ஒரே காம்பில் இருந்தால் கொத்து, வாழையில் சீப்பு, சீப்பெல்லாம் சேர்ந்தால் தார், சேர்த்துக் கட்டினால் கட்டு, நாற்று என்றால் முடி, நூறு வெற்றிலை ஒரு கவுளி, சாவிகள் வளையத்தில் இருந்தால் சாவிக்கொத்து. பொருள்கள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். செட் என்ற ஒரு சொல்லை உள்ளே விட்டால் இத்தனையையும் தின்றுவிடும். என் கடையில் வேலை செய்யும் பையனுக்கு இப்போதே அடுக்கு என்றால் புரிவதில்லை, எனக்கு அது வலிக்கிறது.

நிரல்தம்பி:
அண்ணாச்சி, நீங்கள் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறு கப், ஆறு சாசர், ஒரு கெட்டில். ஒன்றுக்குள் ஒன்று போகாது, ஒரே காம்பிலும் இல்லை. ஒரு கப் கீழே விழுந்தால் எங்கள் அம்மா ‘செட்டே போச்சு’ என்பார், மீதி ஐந்து கப் முழுசாக இருக்கும்போதே. ஒன்று குறைந்தால் மொத்தமும் குறை என்கிற அந்தப் பொருள் எந்தத் தமிழ்ச் சொல்லில் இருக்கிறது? ஜோடியில் இருக்கிறது, ஆனால் அது இரண்டோடு முடிந்துவிடும். ரம்மி ஆடுகிறவர்களைப் பாருங்கள்: மொத்தச் சீட்டும் ‘கட்டு’, மூன்று ராஜா சேர்ந்தால் ‘செட்டு’. இரண்டும் ஒரே மேசையில் சண்டை இல்லாமல் இருக்கின்றன, ஒன்று மற்றதைத் தின்னவில்லை.

பாத்திரக்கடைக்காரன்:
வரிசை இருக்கிறதே. சீர்வரிசையில் ஒரு தட்டு குறைந்தால் ஊரே பேசும்.

நிரல்தம்பி:
வரிசை என்றால் முன்பின் வந்துவிடும். பைத்தான் செட்டில் முன்பின்னே கிடையாது, அதுதான் அதன் குணமே.

கணக்கு டீச்சர்:
இதற்கு இவ்வளவு சுற்ற வேண்டாம். கணம். தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமே கணமொழிதான். நான் வகுப்பில் ‘பம்பரம்’ என்று கரும்பலகையில் எழுதி, இதிலுள்ள எழுத்துகளின் கணத்தைக் கேட்பேன். பாதிப்பேர் ஐந்தும் எழுதுவார்கள். ப, ம், ர, அவ்வளவுதான், மூன்று. வந்தது மறுபடி வராது, இடம் மாறினாலும் அதே கணம். உங்கள் பைத்தான் செய்வதும் இதையேதானே? அப்புறம், செட் என்று ஆரம்பித்தால் செட்டோடு நிற்காது தம்பி. சப்செட், யூனிவர்சல் செட், எம்ப்டி செட் என்று வண்டி வண்டியாக வரும். கணம் என்றால் உட்கணம், அனைத்துக் கணம், வெற்றுக் கணம் என்று பிள்ளைகளே அடுத்த சொல்லை ஊகித்துவிடுகிறார்கள். ஒரே ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு எண்ணின் மூன்றாம் அடுக்குக்கு (க்யூப்) நாம் வைத்திருக்கும் பெயர் கனம். கணம், கனம். தேர்வுத்தாளில் மாற்றி எழுதாத வருடம் கிடையாது.

வடமராட்சி வாசகன்:
இலங்கையில் நாங்கள் படித்தது தொடை. உட்கணம் எங்களுக்குத் தொடைப்பிரிவு, கணத்துக்குள் இருக்கும் ஒவ்வொன்றையும் நீங்கள் உறுப்பு என்பீர்கள், அது எங்களுக்கு மூலகம். தமிழ்நாட்டு நண்பர்கள் உடனே காலைத்தான் நினைப்பார்கள், தெரியும். ஆனால் தொடுத்தால் தொடை, பூவைத் தொடுத்தால் தொடையல், மோனையையும் எதுகையையும் தொல்காப்பியம் தொடை என்றுதான் சொல்கிறது. அண்ணாச்சி கேட்ட ‘எப்படிச் சேர்ந்திருக்கிறது’ என்பது இந்தச் சொல்லில் இருக்கிறது. முதல் நாள் வகுப்பில் சிரித்தோம், இரண்டாம் நாள் ஒருவரும் சிரிக்கவில்லை. கணம் மட்டும் என்னவாம், கண நேரத்துக்கும் அதே கணம்தானே?

கணக்கு டீச்சர்:
தொடுத்த பூவுக்கு முன்பின் உண்டு. நிரல்தம்பி வரிசையைத் தள்ளிய காரணம் தொடைக்கும் பொருந்தும்.

வடமராட்சி வாசகன்:
அப்படிப் பார்த்தால் எந்தச் சொல்லும் நிற்காது டீச்சர்.

பழைய அகராதி:
ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆங்கிலத்திலேயே செட் ஒரு தெளிவான சொல் இல்லை. 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவே அதுதான், வினைக்கு மட்டும் 430 பொருள். ‘எனக்கு அவனோட செட் ஆகலை’ என்கிறோமே, அந்த வினைக்கு ஒரு வேர். சேர்ந்திருப்பது என்கிற பெயர்ச்சொல்லுக்கு வேறு வேர், அது லத்தீனில் பின்தொடர்வோரைக் குறித்த செக்டாவிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அடுத்து கணக்குக்கு வருவோம். கணங்களைப் பற்றிய கணிதத்தைத் தொடங்கிவைத்த கேன்டர் 1895-ல் ஜெர்மனில் எழுதியபோது மெங்கெ என்றார், ஜெர்மன்காரர் திரளுக்கும் கூட்டத்துக்கும் தெருவில் புழங்குகிற சொல் அது. 1915-ல் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது அக்ரிகேட் என்று போட்டார்கள். செட் பிறகுதான் நிலைத்தது. ஆகவே செட்தான் மூலம், நாம் அதற்கு ஈடு தேடுகிறோம் என்ற எண்ணமே எனக்குச் சரியாகப் படவில்லை.

நிரல்தம்பி:
ஆனால் அது என் கட்சிக்குத்தானே பலம்? கேன்டர் தெருச்சொல்லை எடுத்தார், நானும் தெருச்சொல்லைத்தான் எடுக்கிறேன்.

பழைய அகராதி:
அவர் எடுத்தது அவர் தெருவில் பிறந்த சொல்.

பாத்திரக்கடைக்காரன்:
நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று காலை எழுதிய பில்லை எடுத்துப் பார்த்தேன். ‘அடுக்கு 1, டீ கப் செட் 1’ என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். டீ கப்புக்குத் தம்பி சொல்வது சரி. அடுக்கை மட்டும் விட மாட்டேன்.

நிரல்தம்பி:
சரி, பாடத்தில் கணம் என்றே எழுதுகிறேன், பம்பரத்தை எடுத்துக்கொள்ளலாமா டீச்சர்? இலங்கையில் தொடை என்பார்கள் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவேன். பேச்சில் செட்டை விடுவதாக இல்லை. இப்போது அடுத்த வரியில் நிற்கிறேன்: உறுப்பா, மூலகமா?

வடமராட்சி வாசகன்:
மூலகம் போடுங்கள்.

கணக்கு டீச்சர்:
மூலகம் உங்களுக்கு வேதியியலிலும் வருமே, நாங்கள் தனிமம் என்கிறோமே, அது? உறுப்பு போடுங்கள் தம்பி.